பொருத்துவாய் தெரியாத படங்கள்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துச் சேர்ப்புப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலை விமர்சனம் என்றதும் நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் என்னும் எல்லைக்குள்ளேயே நமது கவனம் நின்றுவிடுவது வழக்கம். பேராசிரியர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோரின் பணிகளுக்குப் பின்னர் கூத்தும் நாட்டார் பாடலும் சினிமாவும் ஆய்வுக்குரியன என்பது ஏற்கப்பட்டுவிட்டது. ஆயினும் நமது மக்கள் நாள்தோறும் பார்க்கின்ற, விளக்கேற்றுகின்ற, தூசு துடைக்கின்ற ஒரு கலைப்பொருள் இன்றுவரை விமர்சனத்தின் வாயிலிலேயே நிற்கின்றது. வீட்டின் முன்மண்டபத்துச் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் குடும்பப் படமே அது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒரு நாவல்தானும் இல்லாத வீடுகள் மிகப் பல. ஒரு படமேனும் மாட்டப்படாத தமிழர் வீடு அரிது.

அப்படங்களிலும் ஒரு வகையே இக்கட்டுரையின் பொருளாகும். ஒரே கணத்திற் கமராவின் முன் நின்றவர்களின் படமன்று அது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு இடங்களில், பெரும்பாலும் வெவ்வேறு தேவைகளுக்காக எடுக்கப்பட்ட படங்களிலிருந்து ஆட்களை வெட்டியெடுத்து, ஒருவர் அருகில் ஒருவரை நிறுத்தி, ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது போன்று ஆக்கப்பட்ட படம். இதனைச் சேர்ப்புப் படம் என இங்கு குறிப்பிடுகின்றோம். இறந்த தந்தை மகளின் திருமணப் படத்தில் நிற்கின்றார். மத்திய கிழக்கிற் பணிப்பெண்ணாக உள்ள தாய், மகளின் சாமத்தியச் சடங்குப் படத்தில் அவளது தோளிற் கைவைத்து நிற்கின்றாள். ஒருபோதும் சந்தித்திராத பாட்டனும் பேரனும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். இவை ஏமாற்று வேலைகள் எனத் தள்ளிவிடுவது எளிது. மக்களின் கற்பனையாற்றல் எனப் போற்றிவிடுவது அதனிலும் எளிது. இவ்விரண்டு நிலைப்பாடுகளும் ஒரு முக்கியமான வினாவை எழுப்புவதில்லை. படத்தின் பொருத்துவாய் யாருக்குத் தெரிகின்றது, யாரிடமிருந்து மறைக்கப்படுகின்றது என்பதே அவ்வினா.

முதலிற் தொழில்நுட்பம் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனில் உற்பத்திக் கருவியைப் புரிந்துகொள்ளாது உற்பத்திப் பொருளை விமர்சிக்க முற்படுவோர் அழகியல் மாயைக்குள் வீழ்வது தவிர்க்க முடியாதது. இன்று இப்படங்கள் யாவும் கணினியிலேயே ஆக்கப்படுகின்றன. தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கி அடோபி நிறுவனம் 1990 இல் வெளியிட்ட போட்டோஷொப் என்னும் மென்பொருளே இத்துறையில் முதன்மையானது. அம்மென்பொருளின் மூன்றாம் பதிப்பில், 1994 இல், 'லேயர்' என்னும் வசதி சேர்க்கப்பட்டது. ஸ்ரூடியோத் தொழிலாளர் அதே சொல்லையே வழங்குகின்றனர். நாம் அடுக்கு எனலாம். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்ட கண்ணாடித் தாள்களை உருவகித்துக்கொண்டால் இது விளங்கும். அடித்தாளிற் பின்னணி, அதன்மேலுள்ள தாளில் மணமக்கள், அதன்மேல் தாய், அதன்மேல் தந்தை. ஒரு தாளிலுள்ளதை அசைத்தாலும் பெருப்பித்தாலும் நிறம் மாற்றினாலும் மற்றத் தாள்கள் பாதிக்கப்படுவதில்லை. ஒவ்வோர் அடுக்கிற்கும் 'மாஸ்க்' எனப்படும் மறைப்பு ஒன்றை இடலாம். அது படத்தை வெட்டி எறிவதில்லை, வேண்டாத பகுதியை மறைத்து மட்டும் வைக்கின்றது. மறைப்பை நீக்கினால் வெட்டப்பட்டதாகக் கருதப்பட்ட அனைத்தும் மீண்டும் தோன்றும்.

அடுக்கு என்னும் இவ்வெண்ணம் கணினியுடன் பிறந்ததன்று. அமெரிக்கக் கேலிச்சித்திரத் திரைப்படத் தொழிலில் 1914-15 காலப்பகுதியில் ஏர்ல் ஹேர்ட் என்பவர் ஒளிபுகும் செலுலொயிட் தாள்களில் உருவங்களை வரைந்து அசையாப் பின்னணியின் மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு சட்டகத்திற்கும் பின்னணியை மீள மீள வரையும் உழைப்பை மிச்சப்படுத்துவதே அதன் நோக்கம். அம்முறை வேரூன்றியதும் பின்னணி வரைபவர், உருவம் வரைபவர், கோட்டின்மேல் மை இடுபவர், நிறம் தீட்டுபவர் என வேலை பிரிக்கப்பட்டது. ஆகவே அடுக்கு என்பது அடிப்படையில் ஓர் உழைப்புப் பிரிவினையின் வடிவம். கலைஞனின் கனவிலன்றி ஆலையின் கணக்கேட்டிலேயே அது பிறந்தது என்பது மனங்கொளத்தக்கது.

சேர்ப்புப் படமோ இதனிலும் மூத்தது. ஒஸ்கார் ரெஜ்லாண்டர் 1857 இல் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ஒரே படத்தை ஆக்கினார். அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் ரொபின்சன் ஐந்து எதிர்ப்படங்களைக் கொண்டு, இறந்துகொண்டிருக்கும் ஓர் இளம் பெண்ணையும் அவளைச் சூழ்ந்த குடும்பத்தினரையும் காட்டும் படத்தை ஆக்கினார். படக்கலையின் முதற் தலைமுறையிலேயே சேர்ப்பு மரணப்படுக்கையைத் தேடிச் சென்றுவிட்டது. நமது நாட்டிலும் லயனல் வெண்ட் (1900–1944) படச்சேர்ப்பு முறையைக் கையாண்டுள்ளார். கொழும்பின் கலை ரசிகர் அவரைக் கொண்டாடுவது நியாயமே. அதே வேளையிற் சிறுபட்டினங்களின் ஸ்ரூடியோக்களில், எதிர்ப்படத்தின்மேற் பென்சிலால் முகச்சுருக்கங்களை நீக்கியும், கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி மீளப் படம்பிடித்தும், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் தீட்டியும் வாழ்ந்த தொழிலாளர் பற்றிக் கலை வரலாறு அக்கறை கொள்ளவில்லை. அவர்களின் ஒப்பம் எப்படத்தின் அடியிலும் இல்லை. நிலையத்தின் முத்திரையே உண்டு.

கையால் ஒட்டிய பழைய சேர்ப்பிற்கும் கணினி அடுக்கிற்கும் இடையே ஒரு பண்பு வேறுபாடு உள்ளது. பழைய முறையில் வெட்டியது வெட்டியதே. புதிய முறையில் ஒவ்வோர் உறுப்பும் தன் தனித்தன்மையை இழக்காது மற்றொன்றுடன் வாழ்கின்றது. கோப்பு அடுக்குகளுடன் சேமிக்கப்படும்வரை அப்படத்தின் ஆக்க வரலாறு முழுவதும் அதனுள்ளேயே இருக்கின்றது. அச்சுக்கு அனுப்பும் வேளையில் தொழிலாளி 'ஃபிளாட்டன்' என்னும் கட்டளையை இடுகின்றார். எல்லா அடுக்குகளும் ஒன்றாகத் தட்டையாக்கப்படுகின்றன. அக்கணத்திலிருந்து எது எங்கிருந்து வந்தது என்பதைப் படம் சொல்லாது. பண்டமொன்று சந்தைக்கு வரும்போது அதன் உழைப்பின் தடயங்கள் மறைந்துவிடுவது பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்திற் கூறியவற்றுக்கு இதனிலும் கண்கூடான உதாரணம் கிடைப்பது கடினம்.

இனிப் பொருத்துவாய் பற்றிய வினாவிற்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் அரசியல் வரலாற்றில் இதற்கு இரு எதிர்முனைகள் உள்ளன. ஒரு முனையில் நிற்பவர் ஜோன் ஹார்ட்ஃபீல்ட். ஜெர்மனியத் தொழிலாளரின் சஞ்சிகையான 'ஆர்பைற்றர் இல்லுஸ்ரியேட்டே சைற்றுங்' இதழில் 1932 இல் அவர் வெளியிட்ட படமொன்றில் ஹிட்லரின் மார்பு ஊடுகதிர்ப்படம் போன்று திறந்து கிடக்கின்றது; முள்ளந்தண்டு இருக்கவேண்டிய இடத்திற் தங்கக் காசுகள் அடுக்கப்பட்டுள்ளன. இஃது ஒட்டுவேலை என்பது பார்ப்பவர் யாவருக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்பதே ஆக்கியோனின் நோக்கம். ஆலையொன்றின் வெளித்தோற்றத்தைப் படம்பிடிப்பதால் அவ்வாலையின் உறவுகள் பற்றி ஏதும் வெளிப்படாது என்னும் பிரெக்டின் கருத்தை வால்டர் பென்யமின் 1931 இல் எடுத்தாண்டார். 1934 இல் ஹார்ட்ஃபீல்டின் முறையை அரசியல் ஆயுதமாக இனங்கண்டார். ஒட்டுவாயைக் காட்டுவதன் மூலம் உறவைக் காட்டுவது இம்முறையின் சாரம்.

மறுமுனை நமக்கு உவப்பானதன்று. ஆயினும் மார்க்சியர் அதனைப் பிறர் சொல்லக் காத்திராது தாமே சொல்லவேண்டும். லெனின் 1920 மே 5 ஆம் நாள் மொஸ்கோவில் உரையாற்றும் புகழ்பெற்ற படத்தின் மேடைப்படிகளிலிருந்து ட்ரொட்ஸ்கியும் கமெனெவும் பின்னர் நீக்கப்பட்டனர். மொஸ்கோ-வொல்கா கால்வாயருகே ஸ்டாலினின் பக்கத்தில் நின்ற யெசோவ், தாம் வீழ்த்தப்பட்ட பின்னர், படத்தில் வெறும் நீராக மாறினார். சோவியத் படச்சேர்ப்பின் முன்னோடியான குஸ்தாவ் க்ளூட்சிஸ் 1938 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒட்டுவாயைக் காட்டிய கலைஞன் அழிக்கப்பட, ஒட்டுவாயை மறைத்த அலுவலர் தம் மேசைகளில் வேலையைத் தொடர்ந்தனர். இதனைத் தொழில்நுட்பத்தின் குற்றமாகக் கொள்வதற்கில்லை. பார்ப்பவருக்குத் தெரியாதவாறு ஒரு மனிதனை நீக்கும் அதிகாரம் எவரிடம் குவிந்திருந்தது என்பதே அங்குள்ள பிரச்சினை.

நமது பிரதேசத்தின் குடும்பச் சேர்ப்புப் படம் இவ்விரு முனைகளில் எதனையும் சேர்ந்ததன்று. படத்தினுள்ளே பொருத்துவாய் முடிந்தளவு மறைக்கப்படுகின்றது. வாடிக்கையாளர் அதனையே கேட்டுப் பணம் கொடுக்கின்றார். ஆனால் வீட்டினுள்ளே அது யாவருக்கும் வெளிப்படை. அப்பா அன்று அங்கு நிற்கவில்லை என்பது மகளுக்குத் தெரியும், மருமகனுக்குத் தெரியும், அயலவருக்குத் தெரியும். நமது வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரியை நினைவுகூர்ந்தால் இந்நிலை அந்நியமாகத் தோன்றாது. அரசன் கொலுவிருக்கும் வேளையிலும் அண்ணாவியார் மத்தளத்துடன் களரியிலேயே நிற்கின்றார். பிற்பாட்டுக்காரர் அவரருகே நிற்கின்றனர். சுற்றிலும் அமர்ந்திருப்போர் அவர்களையும் பார்க்கின்றனர், அரசனையும் பார்க்கின்றனர். ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை. அறிந்துகொண்டே ஏற்றுக்கொள்ளும் இப்பார்வைப் பயிற்சி நமது மக்களுக்குப் புதிதன்று. எனவே அவர்கள் ஏமாற்றப்படுகின்றனர் எனக் கூறும் நகர்ப்புறப் படித்தவரின் இரக்கம் வேண்டாதது.

பொதுப்படக் கூறிச் செல்வதிலும் ஒரு படத்தை நுணுகி நோக்குதல் பயன் தரும். படுவான்கரைக் கிராமமொன்றின் வீட்டில் உள்ள படம் அது. ஊரும் பெயரும் வேண்டா. மட்டக்களப்பின் தாய்வழிக் குடி மரபின்படி வீடு மகளுக்குச் சீதனமாகச் சேர்வது. ஆகவே மகளின் திருமணப் படம் மாட்டப்பட்டுள்ள சுவர், தாய் அவளுக்குக் கொடுத்த சுவரே. படத்தில் மணமக்கள் நடுவில் நிற்கின்றனர். வலப்புறம் தாய், நாற்பத்தைந்து வயதளவில் உள்ளவர், நெற்றியிற் பொட்டு உண்டு. இடப்புறம் தந்தை. அவர் 1990 இற் கொண்டுசெல்லப்பட்டவர், திரும்பவில்லை. பின்னணியில், அக்கிராமத்தில் எவரும் ஏறியிராத ஒரு பளிங்குப் படிக்கட்டு.

தந்தையின் முகம் தேசிய அடையாள அட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. விரலகல அளவே உள்ள அப்படம், பிளாத்திக்கு உறையின் கீறல்களுடன் வருடியில் இடப்பட்டு, பன்மடங்கு பெருப்பிக்கப்பட்டுள்ளது. பெருப்பிக்கும்போது முகம் மணல்போற் சிதறும். அச்சிதறலை மென்மையாக்கினால் முகம் மெழுகுபோல் ஆகும். இரண்டுக்குமிடையே ஓரிடத்தைத் தொழிலாளி தேடவேண்டியுள்ளது. கறுப்பு வெள்ளை முகத்தின்மேல் நிறம் மட்டும் ஏற்றும் அடுக்கொன்று இடப்பட்டுள்ளது. தோலின் நிறத்தை மகளின் கையிலிருந்து எடுத்திருக்கவேண்டும், இரண்டும் ஒத்துள்ளன. அடையாள அட்டைப் படத்தில் ஒளி முன்னிருந்து தட்டையாக விழுகின்றது; திருமணப் படத்தில் அது பக்கவாட்டில் விழுகின்றது. இம்முரணைச் சரிசெய்யக் கன்னத்தின் ஒரு புறத்தில் நிழல் அடுக்கு ஒன்று, கீழுள்ளவற்றைக் கருமையாக்கும் 'மல்டிப்பிளை' முறையில் வைக்கப்பட்டுள்ளது. தோளுக்குக் கீழுள்ள உடல் அவருடையதன்று. அடையாள அட்டை தோளுடன் முடிந்துவிடுவதால், கோட்டு அணிந்த வேறொருவரின் உடல் பொருத்தப்பட்டுள்ளது. கழுத்தும் கொலரும் சந்திக்கும் இடத்தை எவ்வளவு நுணுகி நோக்கினும் பொருத்துவாய் தெரியவில்லை. இது தேர்ந்த வேலை, சந்தேகமில்லை.

ஆயினும் படத்தைப் பார்க்கும் எவரும் முதற்கணத்தில் தடுமாறுகின்றனர். தாய்க்கு நாற்பத்தைந்து, தந்தைக்கு இருபதும் சில ஆண்டுகளும். கணவன் தன் மனைவியின் மகனைப் போன்று நிற்கின்றான். மணமகனிலும் அவன் இளையவன்.

இவ்விடத்தில் அடுக்கு என்னும் தொழில்நுட்பம் தன் எல்லையைக் காண்கின்றது. விளிம்பை மறைக்கலாம், ஒளியை ஒத்திசைக்கலாம், நிறத்தைக் கடன் வாங்கலாம், உடலையே இரவல் பெறலாம். காலத்தை ஒத்திசைக்க முடியவில்லை. கழுத்தில் மறைக்கப்பட்ட பொருத்துவாய் வயதில் மீண்டும் திறந்துகொள்கின்றது. இப்படத்தின் உண்மை அதன் தேர்ச்சியில் இல்லை. தேர்ச்சி தோற்கும் இந்த இடத்திலேயே உள்ளது. இருபத்திச்சொச்சம் ஆண்டுகள் அக்கணவனுக்கு மட்டும் நடைபெறாது போனமை ஏன் என்னும் வினாவைப் படம் தானறியாமலே எழுப்பிவிடுகின்றது. ஹார்ட்ஃபீல்ட் திட்டமிட்டுச் செய்ததை இங்கு வரலாறு திட்டமின்றிச் செய்துள்ளது.

அவ்வரலாற்றை ஒரு வாக்கியத்திற் கடந்துவிடலாகாது. 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள் வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோரில் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டனர். அதற்கு நான்கு நாட்களின் பின்னர் சத்துருக்கொண்டான் படுகொலை நிகழ்ந்தது. அதே ஆண்டின் ஆகஸ்ட் 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதற்கு முந்திய மாதம் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் கடத்திக் கொல்லப்பட்டனர். ஒரு வாவியின் கரைகளில் ஓராண்டின் சில மாதங்களுள் நிகழ்ந்தவை இவை. பல்கலைக்கழகத்தினர் தம் வளாகத்தின் நிலத்தையே முதலில் நினைவிற் கொள்ளவேண்டியுள்ளது.

படம் யாருக்கு இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்பதும் வர்க்கத்தின் வினாவே. இலங்கையில் 1972 முதல் வழங்கப்பட்டுவரும் தேசிய அடையாள அட்டை, மக்களைக் கணக்கிற் கொள்ளவும் கண்காணிக்கவும் அரசு ஆக்கிய கருவி. போர்க்காலத்திற் சோதனைச்சாவடிதோறும் அது கேட்கப்பட்டது. ஸ்ரூடியோவுக்குச் சென்று படமெடுக்கும் வசதியற்ற கூலி விவசாயிக்கும் வாவி மீனவனுக்கும் வாழ்நாளில் எடுக்கப்பட்ட ஒரே படம் அரசு கேட்டதற்காக எடுக்கப்பட்ட படமே. கண்காணிப்பிற்காகப் பிடிக்கப்பட்ட அம்முகமே பின்னர் குடும்பத்தின் சுவரில் அன்பின் முகமாகின்றது. இம்மாற்றத்தை நிகழ்த்துவதே சேர்ப்புப் படத்தின் மிகப் பெரிய சமூகப் பணி எனத் துணிந்து கூறலாம். அட்டை பெறும் வயதை எய்தாத சிறுவருக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடக் குழுப் படத்தின் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு தலையைப் பிரித்தெடுக்கவேண்டும். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நாவலடி, திருச்செந்தூர், கல்லடிக் கரைகளைக் கொண்டுபோனபோது ஆட்களுடன் அவர்களின் படங்களும் போயின. அயலூரிலுள்ள உறவினர் எவரதோ திருமண அல்பத்தின் ஓரத்திற் தற்செயலாக நின்றவர்கள் அவ்வல்பங்களிலிருந்து மீட்கப்பட்டனர். வசதி படைத்தோரின் படத்தில் ஓரமாக நின்றமையே ஏழைக்குக் கிடைத்த சாசனம்.

முற்குறித்த படத்தில் மாலை இல்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். இறந்தவரின் படத்திற்கு மாலையிட்டுப் பொட்டு வைத்து விளக்கேற்றுவது வழமை. கணினியில் இதற்கெனத் தனி அடுக்குகள் முன்கூட்டியே ஆயத்தமாக உள்ளன: மாலை, குத்துவிளக்கு, தாமரை, மேகம். 31 ஆம் நாள் நினைவு மலரின் அட்டைக்கும் சந்தியிற் கட்டும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்கும் இவற்றையே இடுகின்றனர். காணாமலாக்கப்பட்டவரின் படத்திற்கோ அவ்வடுக்கை இடுவதற்குத் தாய்மாரும் மனைவியரும் இசைவதில்லை. மாலையை இடுவது மரணத்தை ஒப்புக்கொள்வதாகும். பொட்டை நீக்குவதும் அதுவே. நாடாளுமன்றம் 2016 இற் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என வகை செய்தது. சட்டம் வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகளின் முன்னரே, மாலை அடுக்கை இடாமல் விடுவதன் மூலம், உயிருடன் உள்ளோர், இறந்தோர் என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வகையொன்றை நமது பெண்கள் படத்தில் நிறுவிவிட்டனர்.

இத்தகைய படங்கள் பற்றிய மேலைத்தேய ஆய்வுகளில் கிறிஸ்ரோபர் பின்னியின் 'கமரா இந்திகா' (1997) முக்கியமானது. மத்தியப் பிரதேசத்தின் நாக்டா நகரில் ஸ்ரூடியோக்கள் ஆக்கிய சேர்ப்புப் படங்களை அவர் ஆராய்ந்தார். கமரா உள்ளதை உள்ளவாறு பதியும் கருவி என்னும் மேலைத்தேயக் கருத்தை அம்மக்கள் ஏற்பதில்லை. தாம் விரும்பும் உருவை எய்துவதற்கே படத்தைப் பயன்படுத்துகின்றனர் என்பது அவர் காட்டும் திசை. பயனுள்ள கருத்து, நமது பளிங்குப் படிக்கட்டை விளக்க அது போதும். கோட்டையும் விளக்கும். ஆனால் வயதை விளக்காது. நாக்டாவின் வாடிக்கையாளர் தம் உருவை விரும்பி மாற்றிக்கொண்டனர். வாவிக்கரையின் மனைவி, கணவன் இல்லாமையாலேயே அவனை ஒட்டிக்கொள்ளவேண்டியவளானாள். விருப்பத்தையும் நிர்ப்பந்தத்தையும் 'பண்பாட்டுத் தெரிவு' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது, அடுக்குகளைத் தட்டையாக்கும் அதே செயலைச் சிந்தனையிற் செய்வதாகும். மறுபுறத்தில், இது வெறும் போலி ஆறுதல் எனக் கூறும் இடதுசாரி நண்பர்களும் உள்ளனர். சமயம் பற்றி மார்க்ஸ் 1844 இல் எழுதியவற்றுள் அபின் என்னும் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ள வாக்கியங்களை மறந்துவிடுவோர் அவர்கள். துன்பத்தின் வெளிப்பாடும் துன்பத்துக்கு எதிரான குரலும் ஒன்றாகவே அமையக்கூடும் என்பதை அவ்வாக்கியங்கள் கூறுகின்றன.

ஆனால் சேர்ப்புப் படத்தைப் பாராட்டி நிறுத்திக்கொள்வதற்கும் இடமில்லை. ஒரு முகம் ஒரே வேளையில் இரு பணிகளைச் செய்யவேண்டியுள்ளது. சுவரில் அது நினைவு. ஆணைக்குழுவின் மேசையில் அது சான்று. ஆர்ப்பாட்டங்களிற் தாய்மார் நெஞ்சோடு அணைத்து நிற்கும் படங்களும், 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டு 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்திற்குக் கொடுக்கப்படும் படங்களும் இவ்விரண்டாம் வகையின. சான்று என்ற நிலையில் இரவல் கோட்டும் மெழுகாக்கப்பட்ட கன்னமும் கேடானவை. நெற்றித் தழும்பைக் கீறல் எனக் கருதி நீக்கிவிட்ட தொழிலாளி தீங்கு எண்ணியவரல்லர். ஆனால் அத்தழும்பே அம்மனிதனை இனங்காட்டும் ஒரே அடையாளமாக இருந்திருக்கலாம். மூல அட்டை காலப்போக்கிற் சிதைந்து, வருடிய பிரதியும் அழிந்து, தட்டையாக்கப்பட்ட திருமணப் படம் மட்டுமே எஞ்சும் குடும்பத்தின் கையில் ஒரு நினைவு உண்டு, ஒரு சாட்சி இல்லை. சீருடையில் எடுத்த படமொன்றே எஞ்சியிருந்து, அச்சத்தினால் அதனைச் சட்டையாக மாற்றிய குடும்பத்தின் நிலை இன்னும் சிக்கலானது; அங்கு மறைப்பு என்பது உயிர்காப்பு.

அண்மைக் கால மாற்றமொன்று இப்பிரச்சினையைக் கூர்மைப்படுத்தியுள்ளது. 2023 இல் அம்மென்பொருளினுள் செயற்கை நுண்ணறிவால் இல்லாத பகுதிகளை ஆக்கி நிரப்பும் வசதி சேர்க்கப்பட்டது. முகத்தை முதிர்வித்துக் காட்டும் செயலிகளும் இன்று கைத்தொலைபேசியிலேயே உண்டு. இளைஞனாக நிற்கும் தந்தையை ஐம்பது வயதினராக்கித் தருமாறு கேட்பதும், ஆக்கித் தருவதும் இனி ஒரு நொடி வேலை. அடுக்குச் சேர்ப்பில் இரவல் உடலும் யாரோ ஒருவரின் உடலாகவே இருந்தது; அத்தோள் ஏதோவொரு நாளில் ஏதோவொரு கமராவின் முன் நின்ற தோள். புதிய முறையில் அந்த நரைக்கும் சுருக்கத்திற்கும் உரியவர் எவருமில்லை. எண்ணற்ற அந்நியரின் படங்களிலிருந்து கணித்தெடுக்கப்பட்ட சராசரி முதுமை அது. அப்படங்களை எடுத்தோருக்கும் அவற்றில் நின்றோருக்கும் அதிற் பங்கேதுமில்லை.

உரிமைச் சுரண்டல் ஒருபுறமிருக்க, நமது படத்துக்கு நேரும் இழப்பு வேறு. தந்தை ஐம்பது வயதினராகத் தாயின் பக்கத்தில் நிற்பாராயின் பார்ப்பவர் தடுமாறமாட்டார்; கேள்வி எழாது. அவர் அந்த ஆண்டுகளை வாழ்ந்துவிட்டார் என்றாகிவிடும். கழுத்தில் மறைத்த பொருத்துவாயை வயதிலும் மறைத்துவிட்டால் 1990 என்னும் ஆண்டே படத்திலிருந்து நீங்கிவிடும். இதனை எந்த அரசும் கட்டளையிட்டுச் செய்விக்கவில்லை; அன்பே பணம் கொடுத்துச் செய்விக்கின்றது. அதனாலேயே இதனை எதிர்த்துப் பேசுவது கடினம். இருப்பினும் விமர்சகன் தன் நிலைப்பாட்டைச் சொல்லவேண்டும்: கணவனை முதிர்விக்காத படமே சிறந்த படம். அழகியல் நோக்கிலும் அது சிறந்தது. தீர்க்கப்படாத முரணைத் தீர்ந்துவிட்டதாகக் காட்டாமையால். மனைவி வேறு விதமாகத் தீர்மானிப்பாராயின் அத்தீர்மானம் அவருடையது. ஆனால் தீர்மானிப்பதற்கு முன் அடுக்குகள் அவர் கையில் இருத்தல் வேண்டும்.

நடைமுறை வேலை இங்குதான் தொடங்குகின்றது. ஸ்ரூடியோக்களில் அச்சிட்ட பின்னர் தட்டையான கோப்பு மட்டுமே வைக்கப்பட்டு, அடுக்குகளுடன் கூடிய கோப்பு அழிக்கப்படுவதுண்டு. அது பன்மடங்கு பெரியது, வட்டில் இடம் பணம். வாடிக்கையாளர் அதனைக் கேட்பதில்லை; அப்படியொன்று உண்டென்பதே அவருக்குச் சொல்லப்படுவதில்லை. மூலப் படத்தின் திருத்தப்படாத பிரதியையும் அடுக்குக் கோப்பையும் உரிமையாளருக்குக் கொடுப்பதற்குத் தொழிலாளிக்குச் சில நிமிடங்களே ஆகும். அக்கோப்பின் அடுக்குப் பெயர்களும் வாசிக்கத்தக்கவை. தொழிலாளர் வேலை வசதிக்காக இடும் பெயர்கள் அவை. முற்குறித்த படத்தின் கோப்பைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. நல்வாய்ப்பாக அது அழிக்கப்படாதிருந்தது. பதினொரு அடுக்குகள். 'படி', 'பொம்பிளை மாப்பிளை', 'அம்மா', 'கோட்', 'நிழல்', 'நிழல் 2' எனச் செல்லும் வரிசையில், முகம் உள்ள அடுக்கிற்கு 'அப்பா' எனப் பெயரிடப்பட்டிருந்தது. அதற்கு நேர் கீழே, பார்வைக்கு மறைக்கப்பட்ட நிலையில், வருடியிலிருந்து வந்தவாறே, கீறல்களும் அரைகுறை முத்திரையுமாக அடையாள அட்டை முழுவதும் இருந்தது. தொழிலாளி அதனை நீக்காமல் விட்டிருந்தார்.